முகூர்த்த நாள் இன்டர்வியூ

கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அவனுக்கு விளம்பரமாகிவிடும். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட கார் வாடகை ஆபீஸ். அவ்வளவு போதும். ஓனர் சென்னையில் இருக்கிறார். இங்கே மேனேஜர் வீரமணி, என் பெரியப்பா மகன். எங்கள் வீட்டில் தின்று வளர்ந்தவன் என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள், சோற்றைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பாள். நான் சொல்லிக் காட்டத்தான் போகிறேன். பெரியப்பா குடித்துவிட்டுத் தகராறு செய்த நாட்களிலெல்லாம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், எங்கள் வீட்டில்தான் படுத்தான். பொங்கலுக்கு எனக்குத் துணி எடுத்தால் அவனுக்கும் சேர்த்து எடுப்பார் என் அப்பா, நாங்கள் நைனா என்போம்.

என் பெயர் கலைச்செல்வி. பி.காம். முடித்துவிட்டு, லைசன்ஸ் எடுத்து, டிரைவர் பேட்ஜும் வாங்கி, ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் வல்லம் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளை ஏற்றி வந்து செஞ்சியில் இறக்குவேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். பொம்பளைப் பிள்ளை வேன் ஓட்டுவதா என்று முதலில் வாயில் கை வைத்த தெரு, பிறகு தன் பிள்ளைகளை என் வேனிலேயே ஏற்றிவிட்டது. அந்த வேன் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றுதான். மே மாதம் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் சம்பளத்துக்கும் லீவு. ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்.

அதனால்தான் ஆடி முடியும் சமயத்தில் வீரமணி வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் விழுந்தேன்.

"கம்பெனில பர்மனென்ட் டிரைவர் எடுக்குறாங்க கலை. பன்னெண்டு மாசமும் சம்பளம். பி.எஃப். இருக்குது, ஐ.டி. கார்டு இருக்குது. ஆனா நான் சிபாரிசு பண்ண மாட்டன். எல்லாரையும் போல இன்டர்வியூ வந்து பாஸ் பண்ணிக்கோ."

சிபாரிசு செய்ய மாட்டேன் என்று ஒரு சொந்தக்காரன் சொன்னால் நாம் என்ன நினைப்போம். யோக்கியன் என்றுதானே நினைப்போம். நானும் நினைத்தேன்.

முதல் ரவுண்டு மாடி ஆபீசில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் வீரமணி, கழுத்தில் ஐ.டி. கார்டுப் பட்டை தொங்க உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே போனதும், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ணா, என்னை உனக்குத் தெரியாதா? எங்க வூட்லதான நேத்து கருவாட்டுக் கொழம்பு சாப்ட்ட."

அவன் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல அண்ணன் தங்கச்சி கிடையாது. சார்னு சொல்லு."

சார் என்றேன். என் பெயர், என் அப்பா ஆதிமூலம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பது வரை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கஸ்டமர் வண்டியில் வாந்தி எடுத்தால் என்ன செய்வாய், டயர் பஞ்சரானால் என்ன செய்வாய் என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இறங்கி வரும்போது என் முதுகுக்குப் பின்னால், "நெக்ஸ்ட்" என்று அவன் கூப்பிட்ட குரலைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நம்ம வீட்டுப் பையன் எப்படி ஆளாகிவிட்டான் பார் என்று.

நாலு நாள் கழித்து போனில் மெசேஜ் வந்தது. நான் ஷார்ட்லிஸ்ட் ஆகிவிட்டேனாம். இரண்டாவது ரவுண்டுக்குத் தேதி கொடுத்திருந்தான். அம்மா எழுந்துபோய் காலண்டரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஆவணில மொத முகூர்த்தம்டி. நல்ல நாளா பாத்துத்தான் கூப்ட்டிருக்குறாங்க. இந்த வேலை உனக்குத்தான்."

நைனா நாள் நட்சத்திரம் பார்க்கிறவர் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பகுத்தறிவுத் தலைவரின் படமே அதற்குச் சாட்சி. அவர்கூட அன்றைக்கு, "நல்லதா நடந்தா சரி" என்றாரே தவிர, எந்தக் கம்பெனி முகூர்த்தம் பார்த்து இன்டர்வியூ வைக்கிறது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்கள் கேட்க மாட்டோம். நல்ல நாளில் கூப்பிட்டால் நல்லதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்புகிற ஊர் இது. அவனுக்கு அது தெரியும், அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

"அது ஃபீல்டு ரவுண்டு" என்று வீரமணி விளக்கினான். "கஸ்டமர் புக் பண்ண வண்டிய குடுத்துடுவோம், நீ ஓட்டணும். கஸ்டமர்தான் மார்க் போடுவாங்க. டெஸ்டுன்னு அவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. விட்டா நேச்சுரலா இருக்காது, டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்க. டிப்ஸ் குடுத்தா வாங்காத, அதுவும் டெஸ்டுதான்."

"அன்னிக்கு ஸ்கூல் இருக்குதே. வேனை யாரு ஓட்டுறது?"

"அத நான் பாத்துக்குறன். நல்ல டிரைவரா ஒரு ஆள அனுப்புறன். கரஸ்பாண்டென்ட்கிட்டயும் நானே பேசிடுறன். நீ டென்ஷன் ஆவாத."

அன்றைக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

வெள்ளைக் காரில் ரோஜாவும் சம்பங்கியும் ஒட்டியிருந்தார்கள். சீயமங்கலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு செஞ்சியில் மண்டபத்துக்கு வந்தேன். பிறகு போட்டோக்காரன் சொன்னானென்று கோட்டை அடிவாரத்துக்கு, அங்கிருந்து மறுபடி மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து பெண் வீட்டுக்கு. பெரியவர் ஒருவர் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினார். வேண்டாங்கய்யா என்று கையைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். மார்க் போடுகிறார் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

மூன்றாவது ரவுண்டுக்கு அவுட்ஸ்டேஷன் ரவுண்டு என்று பெயர் வைத்தான். திருவண்ணாமலைக்குப் போய்க் கல்யாணப் பெண்ணையும் அவள் சொந்தக்காரர்களையும் ஏற்றி வந்தேன். அதுவும் முகூர்த்த நாள். அம்மா மறுபடி காலண்டரைப் பார்த்து மறுபடி பூரித்தாள். பள்ளிக்கூடத்தில் கரஸ்பாண்டென்ட் இளவழகன் சார் மட்டும் கேட்டார்.

"இன்னாம்மா, அடிக்கடி லீவு போடுற. வேற எடம் பாக்குறியா?"

"கிடைச்சா சொல்றன் சார்" என்றேன். பொய் சொல்லத் தெரியாத வாய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான்காவது ரவுண்டில்தான் எல்லாம் உடைந்தது.

மண்டபத்துக்கு எதிரில் வேப்பமரத்தடியில் கல்யாண வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தோம். உள்ளே தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனியின் இன்னொரு கார். அதன் டிரைவர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசிருக்கும் பையன். சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு இன் பண்ணியிருந்தான். பார்த்ததுமே எனக்கு ஏதோ உறுத்தியது. கல்யாண சவாரிக்கு வருகிற டிரைவர் யார் இப்படி பரீட்சைக்குப் போகிற மாதிரி வருவான்.

அவனாகவே வந்து பேசினான். பெயர் ரஞ்சித் என்றும், ஊர் வல்லத்துக்கு அந்தப் பக்கம் என்றும், மெக்கானிக்கல் படித்துவிட்டு அப்பாவோடு நிலத்தில் மணிலாக் கடலை போட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் இன்டர்வியூவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம்பா. நாலாவது ரவுண்டு. உனக்கு?"

"ஆறாவது" என்றான்.

மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தையில ஆரம்பிச்சாங்க அக்கா. நடுவுல ஆடி முழுக்க கூப்புடல. திருப்பி இந்த ஆவணில கூப்ட்டாங்க. எல்லாமே கல்யாண வண்டிதான். ரெண்டு வாட்டி மட்டும் ஸ்கூல் வேன். சில்ட்ரன் ஹேண்ட்லிங் ரவுண்டுன்னு சொன்னாங்க."

"எந்த ஸ்கூல் வேன்?"

"வல்லம் பக்கம் போவுமே, மஞ்ச வேன். ஹாரன் அமுக்குனா வைப்பர் ஆடுது. செகண்ட் கியர் வேற விழ மாட்டேங்குது, கெஞ்சிக் கூத்தாட வேண்டியதா இருக்குது."

என் வேன். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடுகிற வேன் இந்தத் தாலுகாவில் வேறு கிடையாது. இரண்டாவது கியரை எப்படிப் போட வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன இரண்டு தடவையும் வீரமணி அனுப்பிய 'நல்ல டிரைவர்' இவன்தான்; இன்றைக்கு வேனுக்கு யாரைப் பிடித்து அனுப்பினானோ. என்னைக் கல்யாணத்துக்கு அனுப்பி, என் இடத்தில் இவனை உட்கார வைத்திருக்கிறான். எனக்கு அது ஒரு ரவுண்டு, இவனுக்கும் அது ஒரு ரவுண்டு. இரண்டு பேருக்கும் கூலி கிடையாது. ரஞ்சித்தின் போனை வாங்கி, அவன் போன தேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, நாள்காட்டியில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். முகூர்த்தம், முகூர்த்தம், முகூர்த்தம். வண்டிக்கும் டிரைவருக்கும் செஞ்சியே அடித்துக்கொள்கிற நாட்கள். எங்களுக்குக் கல்யாணமே நடக்காத ஆடியில் அவன் கம்பெனிக்கு ஃபீல்டு ரவுண்டு வைக்கத் தோன்றவில்லை.

"அப்ப வேலையே இல்லியா அக்கா?" என்று ரஞ்சித் கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லப்பா. நம்மள வெச்சி ஓசில ஓட்டிக்கினு இருக்குறான்."

"எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்குறாரு. பையனுக்கு ஆறு ரவுண்டு வெச்சிருக்குறாங்க, பெரிய கம்பெனின்னு." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சத்தியமா சொல்றன் அக்கா, இனிமே அந்த ஆபீஸ் படிய மிதிக்க மாட்டன்."

"நானும்தான்" என்றேன்.

அப்போதே சாவியை மண்டப வாசலில் விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பேன். அதற்குள் மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து வண்டியில் ஏறிவிட்டார்கள். ராகு காலத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீடு சேர வேண்டும் என்று நாலு பேர் கத்தினார்கள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள். ஓட்டினேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன்.

பின்சீட்டிலிருந்து அந்தப் பெண், அனு என்று பெயர், எட்டிச் சொன்னாள். "குலுங்காம ஓட்றீங்க அக்கா. மேனேஜரு எங்க நைனாகிட்ட சொன்னாராம், எங்ககிட்ட இருக்குறதுலயே பெஸ்ட் டிரைவர அனுப்புறன், ரேட்டு கொஞ்சம் கூட ஆவும்னு."

நான் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நேராக மாடி ஏறினேன். வீரமணி தனியாகத்தான் இருந்தான்.

"போஸ்ட் இருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். பதறுவான் என்று எதிர்பார்த்தேன். பதறவில்லை. "வரும் கலை. சென்னைல கேட்டிருக்குறன்."

"எப்ப கேட்ட? யாரக் கேட்ட?"

அவன் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினான்.

"அந்தப் பையனுக்கு ஆறு ரவுண்டு வெச்சிருக்கிற. எனக்கு நாலு. மனசாட்சி இருக்குதா உனக்கு?"

"ஓட்டத் தெரியாதவன எல்லாம் மொத ரவுண்டுலயே வூட்டுக்கு அனுப்பிட்டன்" என்றான் வீரமணி. ரொம்ப நிதானமாகச் சொன்னான். "நல்லா ஓட்டுறவங்கள மட்டும்தான் திரும்பத் திரும்பக் கூப்புடுறன். நீ நல்லா ஓட்டுற. அது உனக்கு மரியாதைதான? எக்ஸ்பீரியன்ஸ் சும்மா கிடைக்குமா?"

"எங்க வூட்டு சோத்தத் தின்னவன்டா நீ. எங்க நைனா உனக்கும் எனக்கும் வித்தியாசமா பாத்திருக்குறாரா? உனக்கு எப்பிட்றா மனசு வந்துச்சு? நீ எனக்கு அண்ணனே இல்ல போ."

"ஆபீஸ்ல அண்ணன் தங்கச்சி கிடையாதுன்னு மொத நாளே சொன்னனே" என்றான்.

சாவியை அவன் மேஜையில் வீசிவிட்டு இறங்கி வந்தேன். படியிறங்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஏமாந்ததற்குக்கூட நான் அழவில்லை. அந்நியன் ஏமாற்றியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். இவனுக்காக நான் பெருமைப்பட்டேனே, சிபாரிசு செய்யாத யோக்கியன் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

வீட்டில் சொன்னேன். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். வீரமணியின் தங்கைக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம், இந்த நேரத்தில் சொந்தத்துக்குள் சண்டை வேண்டாம், வேனாவது இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொள் என்றாள். நைனா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அவரையும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அன்றைக்கு.

வேனாவது இருக்கிறதே என்றுதான் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஆபீசில் இளவழகன் சார் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"நீ எங்கம்மா இங்க? உங்க அண்ணன் கம்பெனில நீ சேந்துட்டதா சொன்னாரே."

"யாரு சார் சொன்னது?"

"வீரமணிதான். நேத்து சாயங்காலம் வந்து அக்ரிமென்ட் போட்டுட்டுப் போனாரு. இனிமே வேனுக்கு டிரைவர் அவங்க கம்பெனிதான் அனுப்பும். எனக்கும் லீவு, ஆள் வரலன்ற தொல்லை இல்ல. உனக்குக் குடுக்குறதவிட கம்மியாத்தான் கேட்டாரு." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீயும் வேற எடம் கிடைச்சா சொல்றன்னு சொன்னியேம்மா. நான் சரின்னு நெனைச்சிட்டன்."

நேற்று சாயங்காலம். அதாவது நான் சாவியை வீசிவிட்டு அழுதுகொண்டே இறங்கிய பிறகு, அவன் எழுந்து நேராக இங்கே வந்திருக்கிறான்.

"சார், நான் எங்கயும் சேரல. அது என் வேன் சார். புள்ளைங்களுக்கு நான்தான் சார் பழக்கம்."

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்குது. கையெழுத்து போட்டுட்டன். ஒண்ணு பண்ணு. இந்த ரூட்டுக்கு டிரைவர் எடுக்க அவரு இன்டர்வியூ வெக்குறாராம். நீ போய் அட்டெண்ட் பண்ணு. உனக்கு ரூட்டு தெரியும், கண்டிப்பா எடுத்துக்குவாரு."

என் வேனை ஓட்டுவதற்கு நான் வீரமணியிடம் இன்டர்வியூ கொடுக்க வேண்டும். முதல் ரவுண்டிலிருந்து. நான் வெளியே வந்தேன்.

கேட்டுக்குள் மஞ்சள் வேன் நுழைந்தது. முன்னால் போன சைக்கிள்காரனுக்கு ஹாரன் அடித்தபோது வைப்பர் ஒரு தரம் ஆடியது. ஜன்னலிலிருந்து பிள்ளைகள் "டிரைவர் அக்கா, டிரைவர் அக்கா" என்று கையை ஆட்டினார்கள். ஸ்டியரிங்கில் ரஞ்சித். நேற்றைக்கு அந்த வேப்பமரத்தடியில் சத்தியம் செய்தவன். அதே மாதிரி மடிப்புக் கலையாத சட்டை.

பிள்ளைகள் இறங்கிப் போகும்வரை அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு இறங்கி, வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து ராத்திரி போன் பண்ணாரு அக்கா. நீங்க சண்டை போட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு சொன்னாரு. இது கடைசி ரவுண்டாம். இதுல பாஸ் பண்ணா ஆர்டர் குடுத்துடுவாங்களாம்."

"அவன் சொன்னா நீ நம்பிட்டியா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. ஏனென்றால், கடைசி ரவுண்டு என்று அவன் சொன்ன அந்த நொடியில் எனக்குள் முதலில் எழுந்தது கோபம் இல்லை. ஒருவேளை இது நிஜமாகவே கடைசி ரவுண்டாக இருந்து, நான்தான் அவசரப்பட்டுச் சாவியை வீசிவிட்டேனோ என்ற பயம். வீரமணி என் வேனை எடுத்துக்கொண்டான், என் உழைப்பை எடுத்துக்கொண்டான், அதையெல்லாம் என்றைக்காவது மறந்துபோவேனோ என்னவோ. எல்லாம் தெரிந்த பிறகும் என்னை அப்படி ஒரு நொடி நினைக்க வைத்தானே, அதற்கு மட்டும் அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்.